புதன்கிழமைக்காரி

அந்த யோசனை வந்தபோது என் முகத்தில் பாதி சோப்பு இருந்தது.

கொல்லங்கோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு சலூன். கண்ணாடிக்கு இருபுறமும் இரண்டு காலண்டர்கள். இடது பக்கம் பொள்ளாச்சியிலிருந்து வந்த தமிழ்க் காலண்டர். வலது பக்கம் உள்ளூர் அரிசி மில் கொடுத்த மலையாளக் காலண்டர். அன்று புதன்கிழமை. கத்தி தாடைக்குக் கீழே இருந்ததால் தலையை அசைக்க முடியவில்லை. கண்ணை மட்டும் இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் புதனுக்கு நேரே ஐப்பசி இரண்டு. வலது பக்கம் அதே புதனுக்கு நேரே துலாம் ஒன்று.

எனக்குத் தெரிந்த வரை ஐப்பசி என்றாலும் துலாம் என்றாலும் ஒரே மாதம். நாங்கள் சொல்வது ஒரு பெயர், மலையாளத்தார் சொல்வது ஒரு பெயர். அவ்வளவுதான்.

"ஏனுங்க, இதுல ஒண்ணைத் தப்பா அச்சடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் செரிதானுங்க. நீங்க ஆடாம இருங்க," என்றார் சலூன்காரர். "சில மாசம் அப்படித்தான் ஒரு நாள் முன்னப் பின்ன வருமுங்க. எங்கம்மா தமிழ் ஒண்ணாந்தேதி கும்புடும். எங்கூட்டுக்காரி நெம்மாறக்காரி, அவ மலையாள ஒண்ணாந்தேதி கும்புடுவா. அந்த மாதிரி மாசத்துல எனக்கு ரெண்டு நாள் பாயசமுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரே ஒரு நாள். அது ஒரு மனுஷியின் வயதில் ஐந்து வருடமாக மாறும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நான்கு வருடத்துக்கு முன் குமுளி மலையில் சக்குபள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் அதைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு உறைத்தது. மறுபாதி முகத்தைச் சவரம் செய்துகொண்டேனா என்பது நினைவில்லை.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்த கையோடு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கோவிந்தாபுரத்தில் நிலமும் மாடும் இருக்கிற வீட்டிலிருந்து ஒருவன் மலையேறிப் போய் வாத்தியார் வேலை பார்ப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு எங்கேயாவது போக வேண்டும், போனேன். ஓர் அறைப் பள்ளிக்கூடம். அதை ஒட்டி எனக்கு ஓர் அறை. நான்கு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டால் அப்புறம் மஞ்சுமூட்டம் இறங்கிவிடும். பேச ஆள் கிடையாது. சுவரில் மூன்று காலண்டர்களை மாட்டி வைத்து அவற்றோடு பேசப் பழகினேன். இங்கிலீஷ், மலையாளம், தமிழ். எந்த வருடத்து இங்கிலீஷ் தேதியைச் சொன்னாலும் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுக் கிழமையைச் சொல்லும் வித்தை காலேஜிலேயே எனக்குக் கைவந்திருந்தது. அதைத் தோட்டத்தில் காட்டிப் பேர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஆனால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஒருவருக்கும் பிறந்த தேதி தெரியாது. தேதி இல்லாதவர்களிடம் என் வித்தை செல்லுபடியாகவில்லை.

அப்போதுதான் ஒரு சாயங்காலம், சாக்கைத் தலைக்குக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு, ஏலக்காய் வாசத்தோடு அந்தம்மா வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதேன் கிழமை சொல்ற சாரா?"

"ஆமாங்கம்மா. தேதியச் சொல்லுங்க, கிழமையச் சொல்றேன்."

"தேதி யாருக்குத் தெரியும்? நான் கிழமை சொல்றேன். நீங்க தேதி சொல்லுங்க பாப்பம்."

"அது முடியாதுங்கம்மா. ஒரு கிழமைக்கு ஆயிரம் தேதி இருக்குதுங்களே."

"அப்ப நாந்தேன் பெரிய ஆளு," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். "மூணு மாசத்த ஒண்ணாத் தொங்கவிட்டிருக்கீக. இதுல எந்த மாசத்துல நீங்க குடியிருக்கீக?"

நான் விடவில்லை. மூன்றிலும் தேதி வேறு வேறாக இருந்தாலும் கிழமை மட்டும் ஒன்றுதான் என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். ராஜாக்கள் மாறினாலும் சகாப்தங்கள் மாறினாலும் ஏழு நாள் வரிசை மட்டும் அறுபடாமல் ஓடுகிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதென்ன அதிசயம் சாரு? மாசம் அவுகவுக ஊர்ல பொறக்கும். கிழமை எல்லாருக்கும் ஒண்ணாப் பொறக்கும். குமுளி செக்போஸ்ட்டுல லாரியத்தேன் நிப்பாட்டுறாக. புதன்கிழமைய நிப்பாட்ட முடியுமா?"

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தோட்டத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவர் எல்லோரையும் பிறந்த கிழமையால் கூப்பிடுவார். ஸ்டோர் காவல்காரர் வெள்ளிக்கிழமைக்காரர், என்னிடம் படித்த முரட்டுப் பையன் ஒருவன் சனிக்கிழமைக்காரன். அதனால் அவர்களும் அவரைத் திருப்பி 'புதன்கிழமைக்காரி' என்றார்கள். யானை இறங்கி வாழையைத் தின்றது திங்கள். மேட்டு வளைவில் மண் சரிந்தது சனி. ஆபீஸ் ஹெட் கிளார்க் வழுக்கி விழுந்தது வியாழன், அதுவும் புது வேட்டியோடு. எந்த வருடம் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். பள்ளிக்கூடத்துப் பழைய ரெக்கார்டில் இன்ஸ்பெக்டர் வந்துபோன தேதிகள் இருந்தன. அவற்றை வைத்து ரகசியமாக அவரைச் சோதித்தேன். மழையில் நனைந்து வந்த இன்ஸ்பெக்டர் செவ்வாய், கோபக்கார இன்ஸ்பெக்டர் வெள்ளி என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவர் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். அவ்வளவு நெருக்கத்தில் ஒருவர் அவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். வேலை முடிந்து குளித்துவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போய் உட்காருவார். திங்கள் கங்காணி வீடு, செவ்வாய் அடுத்த வீடு, இப்படி. ஒரு டம்ளர் கடுங்காப்பி குடித்து முடிக்கும் நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். நாளை மாற்றியும் போக மாட்டார். புதன்கிழமை வீட்டுக் குடும்பம் கம்பத்துக்கு இறங்கிப் போய்விட்டது. அந்தக் காலியிடத்தில்தான் நான் வந்து சேர்ந்திருந்தேன். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"ஏனுங்கம்மா, பிடிச்ச ஊட்டுக்கு ரெண்டு நாள் போனா என்னங்க?" என்று ஒரு புதன்கிழமை கேட்டேன்.

"வாரத்துல ஒருக்காப் போனா 'வா'ங்குறாக. ரெண்டுதரம் போனா 'வந்துட்டியா'ங்குறாக. ரெண்டும் ஒரே சொல்லா சாரு?"

ஞாயிற்றுக்கிழமை எந்த வீடும் கிடையாது. அன்று எல்லோர் வீட்டிலும் எல்லோரும் இருப்பார்கள். ஒரு ஞாயிறு, நான் புத்திசாலித்தனமாக, நாமே போய்ப் பார்க்கலாமே என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் வேலை எதுவும் இல்லை. அடுப்பு எரியவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு ஞாயிறுல்ல சாரு. நீங்க புதன்."

கடிந்து சொல்லவில்லை. ரேஷன் கடையில் கார்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் புருஷன் ஒரு திங்கட்கிழமை கீழே போனவர் திரும்பவில்லை. அதையும் அவர் கிழமையாகத்தான் வைத்திருந்தார். "வருஷம் தெரிஞ்சா நல்லாருக்குமேங்கம்மா, எத்தன வருஷம் ஆச்சுன்னு கணக்குப் பாக்கலாம்," என்றேன். இப்படியெல்லாம் பேசும் வயது எனக்கு அப்போது.

"தேதி வெச்சுக்கிட்டா வருசத்துக்கு ஒருக்கா வரும். எனக்கு வாராவாரம் வருது," என்றார். அதனால்தான் திங்களுக்குக் கங்காணி வீட்டை வைத்திருந்தாரோ என்னவோ. அங்கே பிள்ளைகள் அதிகம், சத்தமும் அதிகம்.

ஒரு தடவை அவருக்கும் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கும் தகராறு வந்தது. லயத்தில் ஒரு குழந்தை விடிவதற்கு முன்னால் பிறந்தது. கம்பவுண்டர் புதன்கிழமை என்று சீட்டு எழுதினார். அந்தம்மா செவ்வாய் என்றார். "கோழி கூவல, வெளுக்கல. அதுக்குள்ள எங்கிட்டிருந்து வந்துச்சு புதன்? ஆஸ்பத்திரில ராத்திரியோட ராத்திரியாக் கிழமைய மாத்துவாகளோ?" என்று கேட்டார். துணி மூட்டை கொண்டுவரும் ராவுத்தர் அங்கே நின்றிருந்தார். தங்களுக்குப் பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடும் என்று அவர் தன் பங்குக்குச் சொன்னார். கடைசியில் குழந்தைக்குச் செவ்வாய் என்றுதான் குறித்தார்கள். நான் அன்று முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தேன். நாள் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே மூன்று வழக்கு! நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். மாதம் எங்கே தொடங்குகிறது என்று அப்போது ஒரு வரி யோசித்திருந்தால் போதும். சுவரில் ஒரு மாதம் தமிழும் மலையாளமும் ஒரு நாள் விலகி நின்றதை நான் பார்த்தும் இருக்கிறேன். அச்சுப்பிழை என்று பென்சிலால் திருத்தி வைத்தேன்.

பங்குனியில் ஆபீஸ் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அந்த வருடத்தோடு ஐம்பத்தெட்டு வயது முடிகிறவர்கள். அதில் அவர் பெயர் இருந்தது. ஐம்பத்தெட்டு முடிந்தால் வேலை முடியும். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மற்றவர்களுக்குக் கீழே மகனோ மருமகனோ இருந்தார்கள். இவருக்கு இருந்தது ஆறு கிழமைக்கு ஆறு வீடு. அவையும் அந்தத் தோட்டத்துக்குள்தான்.

கம்பெனி புத்தகத்தில் இருந்த வயது, நாற்பது வருடத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ முகத்தைப் பார்த்துப் பதினெட்டு என்று எழுதியது. "அதுக்கு ஒரு வழி இருக்கு, விடுங்க சாரு," என்றார் கங்காணி. "ரெக்கார்டு இல்லாத ஆளுகளை டாக்டர்கிட்டக் கூட்டிப்போவாக. அவரு பல்லைப் பாப்பாரு, கையப் பாப்பாரு, ஐம்பத்தாறுன்னு எழுதிருவாரு. எல்லாருக்கும் அதேன் நடக்குது. ரெண்டு வருசம் ஓடும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஊகம்! கணக்கு இருக்கும்போது ஊகம் எதற்கு? அடுத்த புதன் அவர் வந்ததும் கேட்டேன்.

"உங்களுக்குப் பொறந்த நாள் ஏதாவது தெரியுங்களா?"

"எங்க ஆத்தா சொல்லும். கார்த்திகை பதினாலு, புதன்கிழமை. ஆத்தா வயித்துல என்னை வெச்சுக்கிட்டு மலையேறி வந்துச்சு. ஒரு மலையாளத்துக்காரக வீட்டுல வேலை. அங்கதேன் பொறந்தேன். அந்த வீட்டம்மாதேன் கரிக்கட்டையால கதவுக்குப் பின்னால எழுதி, ஆத்தாவுக்குப் படிச்சுக் காட்டி…"

"தேதி மட்டும் போதுங்கம்மா," என்றேன். பென்சில் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தது.

எங்கள் வீட்டில் நூறு வருடத்துக்கான தமிழ்ப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. மாதப் பிறப்புகளும் கிழமைகளும் வரிசையாகப் போட்டிருக்கும். லீவில் போய் எடுத்து வந்தேன். முதலில் கம்பெனி கணக்குப்படி அவர் பிறந்த வருடத்தைப் பார்த்தேன். அந்த வருடம் கார்த்திகை பதினாலு ஞாயிற்றுக்கிழமை. புதன் இல்லை! அப்படியானால் கம்பெனி புத்தகம் தப்பு! அதற்கு மேல் பக்கத்தைத் திருப்ப எனக்குப் பொறுமை இல்லை. அன்றே ஒரு மனு எழுதினேன். அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

மேனேஜர் மனுவைப் படித்துவிட்டு ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தார். ஹெட் கிளார்க் மலையாளி, வாத்தியாரை 'மாஷ்' என்பவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கு மாஷே. கார்த்திகைன்னா நம்ம விருச்சிகம். சரி. ஞாயிறல்ல, புதன். அதுவும் சரி. அப்போ எந்த வருஷத்துல புதன் வருது? புஸ்தகம் கையில உண்டல்லோ, இங்கயே பாருங்க."

நான் சந்தோஷமாகப் பார்த்தேன். மேஜை மேல் தாளை விரித்து அவர்களுக்கு விளக்கிக்கொண்டே போனேன். வருடத்துக்கு ஒரு கிழமை தள்ளும், சில வருடம் இரண்டு தள்ளும் என்று சொன்னேன். கம்பெனி வருடம் ஞாயிறு. அதற்கடுத்தது திங்கள். அதற்கடுத்தது செவ்வாய். இதோ புதன் வரப்போகிறது என்று பக்கத்தைத் திருப்பினால் வியாழன். செவ்வாயிலிருந்து ஒரே தாவலில் வியாழன். பிறகு இன்னும் ஐந்து வருடம் தள்ளித்தான் புதன்.

"அப்போ இவங்களுக்கு இப்போ ஐம்பது," என்றார் ஹெட் கிளார்க். "அப்படின்னா பத்து வயசுல வந்து முழு ஆளா வேலை செஞ்சாங்களோ? அது பற்றாது, நடக்காது. பின்னோட்டு நோக்குங்க."

பின்னால் பார்த்தேன். கம்பெனி வருடத்துக்கு மூன்று வருடம் முன்னால் புதன் நின்றது. நான் அதை வாய்விட்டுப் படித்தேன். படித்த பிறகுதான் அது என்ன என்று எனக்குப் புரிந்தது.

"அறுபத்தொண்ணு," என்றார் ஹெட் கிளார்க். "மூணு வருஷம் முன்னேயே பிரிஞ்சு போயிருக்கணும். சரியல்லே மாஷே?"

"இல்லீங்க சார், டாக்டரைப் பாக்கச் சொல்லி…"

"டாக்டர் எதுக்கு?" என்றார் மேனேஜர். "டாக்டர் ஊகிச்சு எழுதுவார். நீங்க நிரூபிச்சு எழுதியிருக்கீங்க." என் தாளையே ஃபைலில் கோத்தார்கள். கார்த்திகை வரைகூட இல்லை, அந்த மாதக் கடைசியோடு வேலை முடிவு.

வெளியே வந்தேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"என்ன சாரு, புதன் கெடச்சுதா?"

"கெடச்சுதுங்கம்மா."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன். அவர் தோட்டத்துப் பாதையில் எனக்கு முன்னால் நடந்தார். லயத்துக்குத் திரும்பும் இடத்தில் நின்று, "அறுபத்தொண்ணு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. கங்காணி விஷயம் கேட்டதும் என்னை அடிக்காத குறை. "டாக்டரு ஒரு வரியில முடிக்கிறத உங்க புஸ்தகம் இப்படி முடிச்சிருச்சே! படிச்சவுக சும்மா இருந்தாலே பாதிப் புண்ணியம் சாரு," என்று லயமே கேட்கக் கத்தினார். அந்தம்மாதான் கங்காணியை அடக்கினார். "சாரை ஏன் வைய்யிற? எங்க ஆத்தா சொன்ன கிழமைய யாரும் நம்பல. அவரு நம்புனாரு."

கடைசிப் புதன் வழக்கம்போல வந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அதேன் முட்டி இப்படி வலிச்சிருக்கு. இம்புட்டு நாளும் தெரியாமயே மேடேறிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க. வயசுன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே மெல்ல நடந்திருப்பேன்."

அந்த வாரத்தில்தான் அவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். அதற்கு முந்தின வாரம் வரை ஏலச் சரிவில் என்னை முந்திக்கொண்டு ஏறியவர்.

காப்பி தீர்ந்ததும் எழுந்துவிட்டார். போகிறேன் என்று சொல்லவில்லை. வியாழன் வீட்டில் வியாழன், வெள்ளி வீட்டில் வெள்ளி, சனி வீட்டில் சனி. யாரிடமும் விடைபெறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெட்டியோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நான் ரோட்டுக்கு ஓடிப் போனபோது டீசல் புகைதான் மிச்சம். அந்த வருடம் முடிந்ததும் நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது சலூன். அங்கிருந்து நேராக ஒரு ஜோசியர் வீட்டுக்குப் போனேன். சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்துத்தான் இரண்டு பக்கத்தாரும் மாதத்தைத் தொடங்குகிறார்கள் என்று அவர் சொன்னார். பொழுது சாய்வதற்குள் நுழைந்தால் தமிழுக்கு அன்றே ஒன்றாம் தேதி. மலையாளத்துக்கு உச்சி தாண்டிய கொஞ்ச நேரத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு மேல் என்றால் மறுநாள்தான் ஒன்று. ஆக, நுழைவு பின்மதியத்தில் நடக்கும் மாதங்களில் மலையாளத் தேதி ஒரு நாள் பிந்தும்.

வீட்டுக்கு வந்து பழைய பஞ்சாங்கத்தைத் திறந்தேன். செவ்வாயிலிருந்து வியாழனுக்குத் தாவிய இடம். அந்தச் செவ்வாய் வருடத்தில் விருச்சிகம் ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தால், தமிழ்க் கார்த்திகை பதினாலு செவ்வாய். மலையாள விருச்சிகம் பதினாலு புதன். கதவுக்குப் பின்னால் கரியால் எழுதியவர் மலையாளத்து அம்மா. அவர் எழுதியது விருச்சிகம் பதினாலு. அதைக் கேட்ட தாய் தன் பாஷையில் கார்த்திகை என்று சொல்லிக்கொண்டார். கிழமை சரி, எண் சரி, மாதம்தான் வேறு வீட்டு மாதம். அப்படியானால் அந்தப் பங்குனியில் ஆபீஸ் மேஜை மேல் அவருக்கு வந்திருக்க வேண்டிய கணக்கு ஐம்பத்தாறு. டாக்டர் பல்லைப் பார்த்து எழுதியிருக்கக்கூடிய அதே ஐம்பத்தாறு.

கங்காணிக்குக் கடிதம் போட்டேன். பதில் ஒரு கார்டில், யாரையோ எழுதச் சொல்லி வந்தது. அந்தம்மா காந்தலூரில் இருக்கிறார். பூண்டு நடவுக்கு ஆள் தேவைப்படும் ஊர் அது. முதல் நாள் நிலத்துக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் வயது கேட்டிருக்கிறார். கேட்டவருக்கெல்லாம் அவர் சொல்லும் பதில்: "சாரு கணக்குப் போட்டுச் சொன்னாரு. அறுபத்தொண்ணு. அதுக்கு மேல இத்தன வருசம்." இப்போது அறுபத்தைந்து என்கிறாராம். அந்த வயதுக்காரியை நடவு வரிசையில் நிறுத்த யாரும் தயாரில்லை. மேட்டு நிலத்தில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்துப் பன்றி விரட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். "பக்கத்துல வீடு ஒண்ணும் இல்லை. தகரத்தைத் தட்டிக்கிட்டு ஒத்தையா இருக்கு. எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான்னு சொல்லுது," என்று கார்டில் எழுதியிருந்தது. நடவுப் பெண்கள் கீழே வரிசையாகக் குனிந்து நிற்பதும் பேசிக்கொள்வதும் அந்த மேட்டிலிருந்து தெரியுமாம். பேச்சு கேட்காதாம்.

அதைப் படித்த பிறகு நான் பொறுமையாக இருப்பதற்குப் பெரும்பாடு படுகிறேன். அன்றே பஸ் ஏறியிருப்பேன். ஆனால் ஒரு தடவை பாதிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஓடியவன் நான். அந்தச் செவ்வாய் வருடத்தில் விருச்சிகம் பிந்தியதா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. பிந்தியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். ஜோசியர் வீட்டுப் பரணில் பழைய மலையாளப் பஞ்சாங்கங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வருடத்தது கரையான் தின்னாமல் இருக்க வேண்டும்.

பிந்தியிருந்தால் சனிக்கிழமை காலை உடுமலை வழியாக மறையூர், அங்கிருந்து காந்தலூர். பிந்தவில்லை என்றாலும் போகத்தான் போகிறேன். அவர் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். என் கணக்கு தப்பாது என்று என்னிடமே வாதாடுவார். தப்புத்தான், நான் அவசரப்பட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கார்டு வந்த இந்த மூன்று நாளாக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாய்க்கு வரவில்லை. அப்புறம் இரண்டு பேருமாகத் தோட்டக்காரரிடம் போவோம். அவர் என்னிடம் இந்தம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அந்தக் கம்பை வாங்கி நான் வைத்துக்கொள்கிறேன். ஒரு பாத்திப் பூண்டு கொடுங்கள், இறங்கி நடட்டும், நின்று பாருங்கள் என்று கேட்கப் போகிறேன்.